முகம் தெரியாதவருக்காகக் கூடிப் பிரார்த்திப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முன்பின் தெரியாதவர்களின் கஷ்டத்துக்காக இணையம் வழியாகக் கூடிப் பிரார்த்திக்கும் குழு ஒன்றில் சில வருடங்களாக இருக்கிறேன். வரும் வேண்டுதல்களைப் படித்துப் பார்த்து மற்றவர்களுக்கு அனுப்புவது என் பொறுப்பு. புதிதாகச் சேர்கிறவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். ஜெபம், துஆ, பிரார்த்தனை, மன்றாட்டு என்று உங்களிடம் எந்தச் சொல் புழங்குகிறதோ, அதையே போட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

சேர்ந்தால் நான் என்ன செய்ய வேண்டும்?

ஒருவர் தன் கஷ்டத்தையோ தனக்கு வேண்டியவரின் கஷ்டத்தையோ நாலு வரியில் எழுதி அனுப்புவார். படிக்கிறவர்கள் அவரவர் இடத்தில், முடிந்த நேரத்தில், தெரிந்த முறையில் பிரார்த்திப்பார்கள். அடிப்படை அவ்வளவுதான்.

சில குழுக்கள் நேரம் குறித்துக்கொண்டு வீடியோ அழைப்பில் கூடும். சில குழுக்கள் பங்கு போட்டுக்கொள்ளும். குர்ஆனின் 30 பாகங்களை 30 பேர் ஆளுக்கொன்றாக ஓதி முடிப்பார்கள். 150 சங்கீதங்களைப் பிரித்துக்கொண்டு வாசிப்பார்கள். சகஸ்ரநாமத்தைப் பல பேர் சேர்ந்து, குறித்த எண்ணிக்கை வரும்வரை பாராயணம் செய்வார்கள். யாராவது உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தால் சங்கிலிப் பிரார்த்தனை வைப்பதுண்டு. ஒரு நாளை அரைமணி நேரமாகப் பிரித்தால் 48 பங்கு. ஆட்கள் உலகின் வெவ்வேறு மூலைகளில் இருப்பது இங்கேதான் கைகொடுக்கிறது. ஒருவருக்கு நள்ளிரவு என்றால் இன்னொருவருக்கு மதியம். யாரும் தூக்கம் கெடாமல் சங்கிலி அறுபடாமல் ஓடும்.

இது செல்போன் வந்த பிறகு முளைத்த பழக்கமா?

இல்லை. 1727-ல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரில் மொராவியச் சபை என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த 24 ஆண்களும் 24 பெண்களும், நாளின் ஒவ்வொரு மணி நேரத்தையும் பங்கிட்டுக்கொண்டு ஜெபிக்கத் தொடங்கினார்கள். அந்தச் சங்கிலி 100 ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. 1844-ல் பிரான்சில் இயேசு சபை மாணவர்களிடையே தொடங்கிய ஓர் இயக்கம், இன்று போப்பின் பெயரால் மாதம் ஒரு கருத்தைக் கொடுத்து உலகெங்கும் கத்தோலிக்கர்களைப் பிரார்த்திக்கச் சொல்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது நியூயார்க் கதை. 1857 செப்டம்பரில் ஜெரமையா லான்ஃபியர் என்பவர் ஃபுல்டன் தெருவில் நண்பகல் ஜெபக்கூட்டம் ஒன்றை அறிவித்தார். முதல் நாள் வந்து சேர்ந்தது மொத்தம் 6 பேர். சில மாதங்களில் நகரம் முழுக்க அதேபோன்ற கூட்டங்கள் நிரம்பி வழிந்தன. வெளியூர்களிலிருந்து வேண்டுதல்கள் கடிதமாக வரும்; கூட்டத்தில் வாசிப்பார்கள்; எழுதியவரைப் பார்த்தே இராத கடைக்காரரும் குமாஸ்தாவும் அவருக்காக ஜெபிப்பார்கள். நாம் செய்வதும் அதுதான், தபால் மட்டும் வேகமாகிவிட்டது. ஒருவர் 5 நிமிடத்துக்கு மேல் பேசக்கூடாது என்று அங்கே ஒரு விதி இருந்தது. எங்கள் அழைப்புகளில் நான் அதை 3 நிமிடமாகக் குறைத்திருக்கிறேன். நீளமாகப் பிரார்த்திக்கிறவரின் நெஞ்சு நல்ல நெஞ்சுதான். ஆனால் ஐந்தாவது வேண்டுதலாகக் காத்திருக்கிறவருக்கும் நேரம் வேண்டுமே.

2020 மார்ச்சில் உலகமே கதவை அடைத்துக்கொண்டபோது இந்தப் பழக்கம் மறுபடியும் பரவியது. டென்மார்க்கைச் சேர்ந்த பொருளாதார ஆய்வாளர் ஜெனட் பென்ட்சன் 95 நாடுகளின் கூகுள் தேடல்களை எடுத்துப் பார்த்தார். பிரார்த்தனை பற்றிய தேடல் அந்த மாதம் திடீரென உயர்ந்திருந்தது.

யாரென்றே தெரியாதவருக்காக மனம் எப்படி ஒன்றும்?

நேர்மையான கேள்வி. முதல் சில வாரங்கள் எனக்கும் ஒன்றவில்லை. பெயரை வாசிப்பேன், இரண்டு வரி சொல்வேன், அடுத்த பெயர். வருகைப் பதிவேடு வாசிப்பதுபோல இருக்கும்.

மாற்றியது ஒரு வேண்டுதல். "அம்மாவுக்கு நாளைக் காலை ஆபரேஷன். நான் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன்" என்று மட்டும் எழுதியிருந்தது. அம்மாவின் பெயர் இல்லை, என்ன நோய் என்று இல்லை. ஆனால் அந்த வராந்தா என் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த பெஞ்சு, அணைக்காத ட்யூப்லைட், போனை எடுத்து எடுத்துப் பார்க்கும் கை. அன்று நான் அந்த அம்மாவுக்காகப் பிரார்த்தித்ததைவிட அதை எழுதியவருக்காகப் பிரார்த்தித்ததுதான் அதிகம். அதற்குப் பிறகு எந்த வேண்டுதல் வந்தாலும், எழுதியவர் இந்த நிமிடம் எங்கே உட்கார்ந்திருப்பார் என்று யோசித்துவிட்டுத்தான் தொடங்குவேன். ஒரு நாளைக்கு மூன்று பெயருக்கு மேல் எடுப்பதும் இல்லை. 30 பெயரை வாசித்து முடிப்பதைவிட 3 பேரோடு கொஞ்ச நேரம் இருப்பது மேல் என்பது என் அபிப்பிராயம். மற்றவற்றை எடுத்துக்கொள்ள மற்றவர்கள் இருக்கிறார்கள். குழு என்று ஒன்று இருப்பதே அதற்குத்தானே.

பௌத்தர்களின் மெத்தா தியானத்தில் இதற்கென்றே ஒரு படி உண்டு. முதலில் தனக்கு நலம் விரும்புவார்கள், பிறகு அன்பானவருக்கு. அடுத்து, பிடிக்கும் என்றும் சொல்ல முடியாத, பிடிக்காது என்றும் சொல்ல முடியாத ஒருவருக்கு. அதன் பிறகுதான் பகைவர். அந்த மூன்றாவது ஆளுக்குப் பழக்கம் தேவை என்று அவர்கள் எப்போதோ கண்டுகொண்டிருக்கிறார்கள்.

"பிரார்த்திக்கிறேன்" என்று எழுதிவிட்டு மறந்துவிடுகிறேன். என்ன செய்வது?

வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் கண்ணை மூடி ஒரு நிமிடம் பிரார்த்தியுங்கள், பிறகு எழுதுங்கள். "பிரார்த்தித்தேன்" என்று இறந்தகாலத்தில் எழுதலாம். ஃபேஸ்புக் 2021-ல் அமெரிக்கக் குழுக்களுக்கு வேண்டுதல் பதிவிடும் வசதி கொடுத்தபோது, அதில் பிரார்த்தித்ததாகச் சொல்ல ஒரு பொத்தானும் இருந்தது. பொத்தான் தப்பில்லை. அதை அழுத்துவதற்கு முந்தைய அந்த ஒரு நிமிடத்தை விட்டுவிடாதீர்கள்.

இதற்குப் பலன் உண்டா? ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

இதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். 1988-ல் வெளியான ஓர் ஆய்வில், சான் பிரான்சிஸ்கோ மருத்துவமனை ஒன்றின் இதய நோய்ப் பிரிவில் இருந்த 393 பேரில், பிரார்த்தனை பெற்றவர்கள் சில அளவுகோல்களில் மேலாக இருந்ததாக ராண்டால்ஃப் பேர்ட் எழுதினார். இன்றும் பலர் அதை ஃபார்வர்டு செய்கிறார்கள். ஆய்வு முறையில் குறைகள் உண்டு என்ற விமர்சனம் அதோடு சேர்ந்து வருவதில்லை.

2006-ல் ஹெர்பர்ட் பென்சன் குழுவினர் இதைவிடப் பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். 6 மருத்துவமனைகள், பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1802 பேர். பிரார்த்தனை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம் என்று சொல்லப்பட்டவர்களில், பிரார்த்தனை பெற்றவர்களில் 52 சதவீதம் பேருக்கும் பெறாதவர்களில் 51 சதவீதம் பேருக்கும் சிக்கல் வந்தது. வித்தியாசம் இல்லை. மூன்றாவது பிரிவினரிடம், உங்களுக்காக நிச்சயம் பிரார்த்திக்கிறார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அவர்களில் 59 சதவீதம் பேருக்குச் சிக்கல்.

நான் கடவுளை நம்புகிறவன். இந்த எண்கள் என் நம்பிக்கையைக் குலைக்கவில்லை. குழுக்களாகப் பிரித்து அளந்து பார்க்கும் சோதனைக்குள் அடங்குகிற விஷயம் என்று நான் பிரார்த்தனையை நினைக்கவில்லை. ஆனால் அந்த 59 என்னை விட்டுப் போகவில்லை. "ஆட்களைக் கூட்டிப் பிரார்த்திக்கும் அளவுக்கா என் நிலைமை மோசம்?" என்று நோயாளிகள் பயந்திருக்கலாமோ என ஆய்வாளர்களே சந்தேகித்தார்கள். உறுதியான முடிவல்ல, ஓர் ஊகம். அது உண்மையோ இல்லையோ, அதைப் படித்த பிறகு நான் ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டேன்: "எத்தனை பேர் பிரார்த்திக்கிறார்கள் தெரியுமா, கண்டிப்பாகக் குணமாகிவிடுவீர்கள்." படுத்திருப்பவர் மீது அது ஒரு சுமை. குணமாகாவிட்டால் தன் நம்பிக்கையில்தான் கோளாறு என்று அவர் நினைக்கத் தொடங்குவார். இப்போது நான் எழுதுவது இவ்வளவுதான்: "உங்களை நினைத்துக்கொண்டிருக்கிறோம். பதில் எழுத வேண்டாம்."

அப்புறம், பிரார்த்தனையை நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள். யாரையும் நிறுத்தச் சொல்லாதீர்கள். அப்படிச் சொல்கிறவரை நாங்கள் குழுவில் வைத்துக்கொள்வதில்லை.

நிறையப் பேர் பிரார்த்தித்தால் நிறையப் பலனா?

இரண்டு மூன்று பேர் கூடினாலே போதும் என்கிறது மத்தேயு நற்செய்தி. எண்ணிக்கையைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. "ஆயிரம் ஆமென் சேர வேண்டும், 11 பேருக்கு அனுப்புங்கள்" என்று வரும் செய்திகளை அப்படியே அழித்துவிடுங்கள். அதில் வேறு யாரோ ஒருவரின் குழந்தையின் படம் இருக்கும். பல நேரம் அது எடுத்துப் பல வருடம் ஆகியிருக்கும்.

வேண்டுதலை எப்படி எழுதுவது? எவ்வளவு சொல்லலாம்?

இதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. நானும் செய்திருக்கிறேன். ஒருமுறை ஒரு பெண்ணின் மணவாழ்க்கைச் சிக்கலை, அவர் என்னிடம் மட்டும் சொன்னதை, "பெயர் வேண்டாம், ஆனால் இவருக்காகப் பிரார்த்தியுங்கள்" என்று குழுவில் போட்டுவிட்டேன். விவரங்களை வைத்தே அவர் யார் என்று ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். அந்தப் பெண் என்னை மன்னித்தார். ஆனால் அதற்குப் பிறகு எதற்காகவும் வேண்டுதல் அனுப்பவே இல்லை. அந்த மௌனம் எனக்கு இன்னும் வலிக்கிறது.

ஆகவே முதல் விதி, சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். கேட்க முடியாத நிலையில் அவர் இருந்தால், அவருடைய நெருங்கிய குடும்பத்தினரிடம் கேளுங்கள். அதுவும் முடியாவிட்டால் நீங்கள் தனியாகப் பிரார்த்தியுங்கள். குழுவுக்குக் கொண்டுவர வேண்டாம். அக்கறையோடு தொடங்குகிற பேச்சு வம்புப் பேச்சாக மாறுவது நமக்கே தெரியாமல் நடக்கும்.

மருத்துவ அறிக்கையின் படம், படுக்கை எண், முகவரி, பள்ளியின் பெயர், குழந்தையின் புகைப்படம் எதுவும் தேவையில்லை. மேலே சொன்ன 2006 ஆய்வில் பிரார்த்தித்தவர்களுக்குக் கொடுத்தது முதல் பெயரும் குடும்பப் பெயரின் முதல் எழுத்தும் மட்டும்தான். யூதர்கள் நோயாளிக்காக வேண்டும்போது அவருடைய பெயரையும் தாயின் பெயரையும் மட்டும் சொல்வது வழக்கம். குழுவில் 200 பேர் இருந்தால், 200 போனில் அந்தச் செய்தி தங்கிவிடுகிறது. ஸ்கிரீன்ஷாட் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. இதற்கென்றே வந்திருக்கும் செயலிகளும் விதிவிலக்கல்ல. 2022-ல் மொசில்லா அமைப்பு மனநலச் செயலிகளையும் பிரார்த்தனைச் செயலிகளையும் சேர்த்து 32-ஐ ஆராய்ந்து, பெரும்பாலானவை தனியுரிமை விஷயத்தில் மோசம் என்று எச்சரித்தது.

வேறு மதத்தினர் இருக்கும் குழுவில் எப்படிப் பிரார்த்திப்பது?

அவரவர் வழியில். எல்லோருக்கும் பொதுவாக ஒரு பிரார்த்தனையை எழுத முயன்றோம். அது யாருடையதாகவும் இல்லாமல் போய்விட்டது. இப்போது ஒருவர் ஜெபிக்கும்போது மற்றவர்கள் அமைதியாக இருப்போம். தன் சகோதரருக்காக அவர் அறியாமல் ஒருவர் துஆ செய்தால், "உனக்கும் அவ்வாறே" என்று ஒரு வானவர் சொல்வார் என்ற நபிமொழியை எங்கள் குழுவில் ஒருவர் சொன்னார். அன்றிலிருந்து அது எல்லோருக்கும் பிடித்துப்போனது, வானவரை நம்பாதவர்களுக்கும்கூட.

கஷ்டத்தில் இருப்பவரிடம் மதம் மாறச் சொல்வது மட்டும் கூடவே கூடாது. விழுந்து கிடப்பவருக்கு நீட்டும் கையில் நிபந்தனை இருக்கக்கூடாது.

இன்னொன்று: பிரார்த்தனை வேண்டாம் என்று நினைக்கிறவர்களும் உண்டு. ஃப்ளாரன்ஸ் புயலுக்குப் பின் அமெரிக்காவின் வட கரோலினா மக்களிடையே நடந்து, 2019-ல் வெளிவந்த ஆய்வில், கிறிஸ்தவர்கள் முகம் தெரியாதவரின் பிரார்த்தனையையும் மதிப்புள்ளதாகக் கருதினார்கள். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களோ அதைத் தவிர்ப்பதற்குப் பணம் கொடுக்கவும் தயாராக இருந்தார்கள். எனவே "உங்களுக்காகப் பிரார்த்திக்கலாமா?" என்று கேளுங்கள். "வேண்டாம்" என்றால், "சரி, வேறு என்ன செய்யட்டும்?" என்று கேளுங்கள்.

குழுவில் பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பிரார்த்திக்கக் கட்டணம் என்றால் உடனே வெளியேறுங்கள். 2016-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில அட்டர்னி ஜெனரல் ஒரு பிரார்த்தனை இணையதளத்தின் மீது நடவடிக்கை எடுத்தார். இல்லாத போதகர்களின் பெயரையும் பொய்ச் சாட்சிகளையும் காட்டி, 2011 முதல் 2015 வரை 70 லட்சம் டாலருக்கும் மேல் வசூலித்திருந்தார்கள். கொடுத்தவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். வேலை போனவர்கள், பிள்ளை படுக்கையில் கிடந்தவர்கள்.

நோயாளிக்கு உதவி என்று கேட்டால் விஷயம் வேறு. ஆனால் அதையும் பிரார்த்தனைக் குழுவோடு கலக்காதீர்கள். விசாரித்து, நேரடியாக மருத்துவமனைக்கே செலுத்த முடியுமா என்று பாருங்கள். பணமே கேட்காமல், கவனிப்புக்காக மட்டும் நோய் இருப்பதாக எழுதுகிறவர்களும் உண்டு. மனநல மருத்துவர் மார்க் ஃபெல்ட்மன் 2000-த்திலேயே இந்த இணையப் பழக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். எங்களுக்கும் ஒருமுறை அப்படி நடந்தது. பலர் உடைந்துபோனார்கள். நான் அவர்களிடம் சொன்னது: அவருக்கும் ஏதோ ஒரு வலி இருக்கத்தான் செய்தது, நாம் வேறொன்றின் பெயரைச் சொல்லிப் பிரார்த்தித்தோம். அவரை அம்பலப்படுத்தவில்லை. குழுவிலிருந்து மட்டும் விலக்கினோம்.

பிரார்த்தித்தால் போதுமா, வேறு ஏதும் செய்ய வேண்டாமா?

பிரார்த்தித்ததுமே கடமை முடிந்தது என்று மனம் ஓய்ந்துவிடும் ஆபத்து நிஜமானது. புயல் பாதிப்புக்கு நன்கொடை தரும் முன் பிரார்த்திக்கச் சொன்னபோது, கொடுக்கும் தொகை குறைந்ததாக 2020-ல் லிண்டா துன்ஸ்ட்ராம் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. எனக்குச் சுருக்கென்று குத்திய ஆய்வு அது. அதனால் எழுந்திருப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வேன்: இவருக்கு என்னால் ஆகக்கூடியது ஏதாவது உண்டா? பத்தில் ஒன்பது முறை இருக்காது. பத்தாவது முறை ரத்தம் கொடுப்பது, ஒரு படிவத்தை நிரப்பித் தருவது, இரவில் பேச்சுத் துணைக்கு இருப்பது என்று ஏதாவது இருக்கும்.

உயிரை விட்டுவிடப் போவதாக ஒருவர் எழுதினால்?

பிரார்த்தனை அப்புறம். உடனே தனியாகத் தொடர்புகொள்ளுங்கள், இப்போது பாதுகாப்பாக இருக்கிறாரா, கூட யாராவது இருக்கிறார்களா என்று நேராகவே கேளுங்கள். அவர் இருக்கும் நாட்டின் அவசர உதவி எண்ணையோ தற்கொலைத் தடுப்பு எண்ணையோ தேடிக் கொடுங்கள். அட்மினுக்குச் சொல்லுங்கள். யாராவது நேரில் போய்ச் சேரும்வரை பேச்சை விடாதீர்கள்.

தினமும் இத்தனை துயரத்தைப் படித்து என் மனம் கனக்கிறது. விலகினால் பாவமா?

பாவமில்லை. மியூட் போடுங்கள், ஒரு மாதம் விலகி இருங்கள். உங்கள் சொந்தத் துக்கத்தை நினைவூட்டும் வேண்டுதலை வேறொருவரிடம் விட்டுவிடுங்கள்.

யாருக்காகப் பிரார்த்தித்தோமோ அவர் இறந்துபோனால் என்ன சொல்வது?

என்னிடம் இதற்கு நல்ல பதில் இல்லை, நல்ல பழக்கம் மட்டும் இருக்கிறது.

முதலில், செய்யக்கூடாதவை. "கடவுளின் சித்தம்" என்று எழுத வேண்டாம். குடும்பத்தினரே சொன்னால் அது அவர்கள் உரிமை; நாம் முந்திக்கொண்டு சொல்லக்கூடாது. "நல்ல இடத்துக்குப் போயிருக்கிறார்" என்பதும் அப்படித்தான். இன்னும் மோசமானது, குழு ஒன்றும் பேசாமல் அடுத்த வேண்டுதலுக்குப் போய்விடுவது. குணமான செய்திக்கு நூறு பேர் பதில் எழுதுவார்கள். இறப்புச் செய்திக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒதுங்கிவிடுவார்கள். எழுதியவர் போனைப் பார்த்துக்கொண்டே இருப்பார். நேற்று வரை கூட இருந்த கூட்டம் இன்று எங்கே என்று தோன்றும்.

நாங்கள் செய்வது: அன்று வேறு வேண்டுதல் எதையும் போடுவதில்லை. அவர் பெயரை ஒருமுறை எல்லோரும் எழுதுவோம், பெயரை மட்டும். அப்புறம் பட்டியலில் இறந்தவரின் பெயர் இருந்த இடத்தில், வேண்டுதல் அனுப்பியவரின் பெயரைச் சேர்ப்போம். ஒரு மாதம் கழித்தும், மூன்று மாதம் கழித்தும் ஒருவர் அவருக்கு ஒரு வரி எழுதுவார். அந்த மூன்றாவது மாதத்துச் செய்திக்குத்தான் நீளமான பதில்கள் வருகின்றன. ஊரும் உறவும் பேசி ஓய்ந்திருக்கும் நேரம் அது.

நானே எனக்காகக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. மற்றவர்களுடையதைப் பார்த்தால் என் கஷ்டம் சின்னதாகத் தெரிகிறது.

எங்கள் குழுவில் வருடக்கணக்கில் பிறருக்காகப் பிரார்த்தித்துவிட்டு, தனக்காக ஒருமுறைகூடக் கேட்காதவர்கள் நிறையப் பேர். நானும் வெகுநாள் அப்படித்தான் இருந்தேன். கஷ்டங்களை வரிசைப்படுத்திப் பார்க்க இங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. தேர்வு பயத்துக்காகவும் பிரார்த்தித்திருக்கிறோம், காணாமல்போன பூனைக்காகவும் பிரார்த்தித்திருக்கிறோம்.

பெயர் வேண்டாம், காரணம் வேண்டாம். "இன்று எனக்காக" என்று இரண்டு சொல் எழுதி அனுப்புங்கள். என்ன ஆயிற்று என்று யாரும் கேட்க மாட்டோம்.